பேர்ணடெற் வாங்கிய அமெரிக்கன்

ஞாயிறு காலையில் மார்க்கம் றோட்டுக் கோப்பிக்கடை வாசலில் எங்கள் கூட்டத்தைப் பார்ப்பவர்கள், ஸ்கார்பரோவில் மோட்டார்சைக்கிள் பற்றித் தெரிந்த தமிழர்கள் எல்லாரும் இங்கேதான் நிற்கிறார்கள் என்று நினைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். பனி கரைந்தால் கூடுவோம், கை விறைக்கத் தொடங்கினால் கலைவோம். இடைப்பட்ட மாதங்களில் ஓடியதைவிடப் பேசியதுதான் அதிகம். எது நல்ல மோட்டார்சைக்கிள், எது கூடாதது, எதை எவன் ஏமாந்து வாங்கினான் என்று கோப்பி ஆறும்வரை தீர்ப்புச் சொல்வோம். அப்பீலுக்கு இடமில்லை.

அந்தத் தீர்ப்புகளில் ஒன்றை மதிக்காமல் விட்டவள் பேர்ணடெற். என்னைவிட இளையவள், என்னை அண்ணை என்று கூப்பிடுபவள். ஆகவே அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அவள்மேல் எனக்கு இருக்கும் மரியாதை இந்த ஊரில் வேறு யார்மேலும் இல்லை.

அவளுடைய புருசன் குலசிங்கம் எங்கள் கூட்டத்தின் பெரிய வாய். முதுகு நோ வந்து தன்னுடைய மோட்டார்சைக்கிளை விற்றுவிட்டான். ஆனால் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. வான் ஒன்றில் வந்து இறங்கி, மோட்டார்சைக்கிள் வைத்திருக்கும் எங்கள் எல்லாருக்கும் மோட்டார்சைக்கிள் பற்றிப் பாடம் எடுப்பான். ஊரில் தொழிற்சங்கத்தில் இருந்தவன். கோயில் தேர் வரும்போது குறுக்கே நின்று கடவுள் இல்லையென்று நோட்டீஸ் கொடுத்து அடி வாங்கியவன். அந்த அடியைப் பற்றி இன்றைக்கும் பெருமையாகச் சொல்வான். பேர்ணடெற் பாசையூர்க் கத்தோலிக்கப் பெண். இவன் கோண்டாவில் சைவக் குடும்பம். இரண்டு வீட்டுச் சம்மதமும் இல்லாமல், கோயிலும் இல்லாமல் தேவாலயமும் இல்லாமல், அரசாங்கக் கச்சேரியில் பதிவுக் கையெழுத்து வைத்துக் கட்டிக்கொண்டவர்கள். 

ரெக்ஸ்டேலிலிருந்து வரும் சுந்தரராஜன் கோயம்புத்தூர்க்காரர், தொலைபேசிக் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். அவர் புதிதாக ஒரு ஜப்பான்காரனை, அதாவது ஜப்பான் மோட்டார்சைக்கிளை, வாங்கியபோது கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்துவிட்டு வந்தார். குலசிங்கம் அந்தக் கோடை முழுக்க அந்த மனிதனை விடவில்லை. "எலுமிச்சம்பழம் நசிச்சால் இன்சூரன்ஸ் குறையுமோ?" என்று பார்க்கும் இடமெல்லாம் கேட்டான். சுந்தரராஜன் சிரித்துச் சமாளிப்பார். ஆனால் முகம் சிவந்துவிடும்.

பேர்ணடெற் முதலில் வானுக்குள்ளேயே இருப்பாள். பிறகு இறங்கி நின்று கேட்டாள். பிறகு ஒரு நாள், கல்லூரியில் வார இறுதி வகுப்பு எடுத்து லைசென்சும் எடுத்து, சின்ன ஜப்பான் மோட்டார்சைக்கிள் ஒன்றில் குலசிங்கத்தின் வானுக்கு முன்னால் வந்து இறங்கினாள். அவள் வேலை செய்தது ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கும் ஒரு ஃபக்டரியில். நீராவி இஸ்திரி மெசினில் நாள் முழுக்க நின்று படுக்கை விரிப்புகள் மடிப்பாள். மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவதற்குள் பாதி உயிர் போய்விடும், அதற்குத்தான் மோட்டார்சைக்கிள் என்று எல்லாருக்கும் சொன்னாள். நாங்களும் நம்பினோம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, பனி முடிகிற நேரம், விமான நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்த மோட்டார்சைக்கிள் கண்காட்சிக்கு எல்லாருமாகப் போனோம். அங்கேதான் அந்த அமெரிக்கனைக் கண்டோம். சுழலும் மேடையில் அது தனியாக நின்றது. அமெரிக்கர்களின் பெரிய, பாரமான மோட்டார்சைக்கிள்களை உங்களுக்குத் தெரியும். கதிரையில் சாய்ந்திருப்பதுபோல இருந்துகொண்டு நேர் றோட்டில் போகிறவை. அதே இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை எடுத்து, கட்டையான சட்டத்துக்குள் திணித்து, வளைவுகளில் சாய்த்து ஓடுவதற்கென்று யாரோ ஒருவன் செய்திருந்தான். அவன் எதையும் எல்லாரும் வைக்கிற இடத்தில் வைக்கவில்லை. சைலென்சர் எஞ்சினுக்குக் கீழே. பின்பக்க ஸ்பிரிங்கும் எஞ்சினுக்குக் கீழே. செயின் இல்லை, பெல்ற். முன் சில்லில் எங்கள் மோட்டார்சைக்கிள்களுக்கு இரண்டு பிறேக் தட்டுகள் இருக்கும். இதற்கு ஒன்றே ஒன்று, சாப்பாட்டுக் கோப்பை அளவில். சீற் ஒரு பாண் துண்டு அளவு.

மேடைக்குப் பக்கத்தில் கம்பெனி ஆள் ஒருவன் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான். இதை வாங்குவது பற்றி யோசிப்பீர்களா? எல்லாரும் யோசிப்போம் என்றார்கள். நானும் சொன்னேன். வாங்கமாட்டோம் என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது. அவனுக்கும் அது தெரிந்திருந்தது, பாவம்.

"நல்லாத்தான் இருக்கு சார்," என்றார் சுந்தரராஜன். "ஆனா நாளைக்கு விக்கப் போனா எவன் வாங்குவான்? பார்ட்ஸ் எங்க கெடைக்கும்? ஒரே ஒரு டிஸ்க் வேற."

குலசிங்கம் மேடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தான். "உதுக்குப் பின்னால ஆர் இருக்கிறது? மனிசி பிள்ளையை எங்க ஏத்திறது? உவங்களுக்கு விசர்."

கம்பெனி ஆள் பேர்ணடெற்றிடம் கேட்கவில்லை. அவள் தானாகப் போய், ஏறி இருந்து பார்க்கலாமா என்று கேட்டாள். அவன் மேடையை நிறுத்தினான். நல்ல உயரமான பெண் அவள். ஏறி இருந்து, இரண்டு காலையும் தட்டையாக நிலத்தில் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்து முன்னால் பார்த்தாள். அப்படியே கனநேரம் இருந்தாள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெடியன் தொண்டையைச் செருமினான். அவள் கவனிக்கவில்லை.

"ஓம்," என்றாள் இறங்கும்போது. "நான் வாங்குவன்."

அந்த ஆள் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

வாங்குவன் என்றவள் உடனே வாங்கவில்லை. ஒரு வருசம் ஓவர்டைம் செய்தாள். வீட்டில் அந்த ஒரு வருசமும் வாக்குவாதம்தான். ஒரு நாள் நான் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அது என் முன்னாலேயே வெடித்தது. குலசிங்கம் பழையபடி அதே கேள்வியைக் கேட்டான், பின்னால் ஆர் இருக்கிறது என்று.

"ஒருத்தரும் இருக்கத் தேவையில்லை," என்றாள் பேர்ணடெற். "கலியாணம் கட்டின நாள்துவக்கம் நான் உங்கட சீ.டி. நூற்றிருபத்தைஞ்சுக்குப் பின்னால சாறியோட ஒருபக்கமாத்தானே இருந்தனான். எப்பவும் இடப்பக்கம். றோட்டின்ர வலப்பக்கத்தில என்ன இருந்ததெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. உங்கட முதுகும் இடப்பக்கத்து மதிலும்தான் நான் பாத்த யாழ்ப்பாணம்."

குலசிங்கம் என்னைப் பார்த்தான். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன்.

"எனக்கு முன்னால பாக்கோணும்," என்றாள் அவள். "நேர முன்னால. அதில ஏறி இருந்தபோது எனக்கு முன்னால ஒண்டுமில்லை, காத்து மறைக்கிற கண்ணாடிகூட இல்லை, றோட்டு மட்டுந்தான். உங்கட ஜப்பான்காரன் எல்லாம் பெரிய பிளாஸ்ரிக்கை முன்னால வைச்சு மூடிவிடுறான்."

இப்படித்தான் எனக்குத் தெரியவந்தது, பஸ் கதை எல்லாம் சாட்டுத்தான் என்று.

கடைசியில் குலசிங்கம் ஒரு நிபந்தனை போட்டான். "சரி, வாங்கும். ஆனா ஒருக்கா விழுந்தீரெண்டால் வித்துப்போடோணும். பிறகு உந்தக் கதையே இருக்கக்கூடாது."

அவள் யோசித்தாள். சும்மா தலையாட்டுகிற ஆள் இல்லை. "என்ர பிழையால விழுந்தால் விக்கிறன். மோட்டார்சைக்கிள்ளின்ர பிழையால விழுந்தாலும் விக்கிறன். வேற ஆற்றயும் பிழையால விழுந்தால் விக்கமாட்டன். அருள் அண்ணை, நீங்கள் சாட்சி."

நான் சாட்சியானேன். கேட்காமலே சாட்சியாக்கப்பட்டேன் என்பதுதான் சரி.

அடுத்த வசந்தத்தில் விற்பி என்ற ஊரில் ஒரு வெள்ளைக்காரனிடம் அதை வாங்கினாள். ஒரு வருசம் ஓடியது, ஒரு கீறல் இல்லை. ஏன் விற்கிறாய் என்று கேட்டேன். கூட்டாளிமார் சிரிக்கிறார்கள் என்றான். எனக்கு அந்த ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்களைப்போல ஒரு கோப்பிக்கடைக் கூட்டம் அவனுக்கும் வாய்த்திருக்கிறது.

அதை அவள் ஓடிய விதத்தைச் சொல்லவேண்டும். எங்களில் பலர் வேகமாக ஓடுவோம், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பேர்ணடெற் வேகமாக ஓடவில்லை. வளைவு வருவதற்கு முன்னமே தலையைத் திருப்பி அது எங்கே முடிகிறது என்று பார்ப்பாள். மோட்டார்சைக்கிள் அவள் பார்த்த இடத்துக்குப் போகும். நின்றுகொண்டிருக்கும்போது அந்த எஞ்சின் உரல் இடிப்பதுபோலக் குலுங்கும். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. ஓடத் தொடங்கியதும் அமைதியாகிவிடும். பின்னால் போகும் எனக்கு அவளுடைய தோளைப் பார்த்தாலே தெரியும், அந்த மனிசி சந்தோசமாக இருக்கிறாள் என்று. சிவப்பு விளக்கில் நின்றால் பக்கத்துக் காரில் இருப்பவன் கண்ணாடியை இறக்கி உது என்ன என்று கேட்பான். அவள் ஹெல்மெற்றைத் திறந்து விளக்கம் சொல்வாள். ஃபக்டரியில் அவள் வந்து இறங்கும்போது இரவு வேலை முடித்த பிலிப்பினோப் பெண்கள் வாசலில் நின்று கை தட்டுவார்களாம். அதை அவள் சொல்லவில்லை. அங்கே வேலை செய்யும் என் மச்சாள் சொன்னாள்.

எங்கள் கூட்டத்தில் மெதுவாக ஒரு மாற்றம் வந்தது. சுந்தரராஜன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு நாள் அவளிடம் கேட்டு, பார்க்கிங்கில் ஒரு வட்டம் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "யோசிக்கலாம் போலத்தான் இருக்கு," என்றார். இந்த முறை அது மரியாதைக்குச் சொன்னதல்ல. எனக்கும் உள்ளுக்குள் ஆசை வந்துவிட்டது. வெளியில் சொல்லவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, கூட்டமாக ட்வின் ரிவர்ஸ் வழியாகப் போவதென்று முடிவு செய்தோம். றூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் சரேலென்று இறங்கும் றோட்டு. அடியில் ஒடுங்கிய பாலம். ஸ்கார்பரோவில் வளைவென்று சொல்ல இருப்பது அது ஒன்றுதான். போகவேண்டாம் என்று குலசிங்கம் மனைவியிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறான். அவள் போவேன் என்றிருக்கிறாள். அவன் வானில் பின்னால் வந்தான்.

அவள் முன்னால், நான் அடுத்து. இறக்கத்தில் அவளுடைய பிறேக் விளக்கு எரிந்தது. ஆனால் மோட்டார்சைக்கிளின் வேகம் குறையவில்லை. எரிந்த விளக்கோடு அதே வேகத்தில் இறங்கிக்கொண்டே போனது. பாலத்தில் எதிர்ப்பக்கம் ஒரு கார் வந்துகொண்டிருந்தது. பேர்ணடெற் பின் பிறேக்கை மிதித்தாள். பின் சில்லு இறுகி, வழுக்கி, மோட்டார்சைக்கிள் படுத்தது. அவள் அதை விட்டுவிட்டுப் புல்லுக்குள் உருண்டாள். கார்க்காரன் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டான். எல்லாம் நான் கிளச்சைப் பிடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

மணிக்கட்டு உடைந்திருந்தது, வேறொன்றுமில்லை. ஆனால் குலசிங்கம் வானிலிருந்து இறங்கி ஓடிவந்த ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். முதுகு நோக்காரன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அவளைத் தூக்கி நிறுத்தினான். அவள் "பிறேக் பிடிக்கேல்லை, பிறேக் பிடிக்கேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் மோட்டார்சைக்கிள் பக்கம் திரும்பிப் பார்த்தான். முன் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு வானில் ஏறிப் போனான். எங்களிடம் ஒரு சொல் பேசவில்லை. வாய் மூடாத மனிசன் பேசாமல் போகிறானே, அதிர்ச்சி என்று நினைத்தோம்.

தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு அடுத்த ஞாயிறு வரைகூடத் தேவைப்படவில்லை. அந்த இடத்திலேயே சொல்லிவிட்டோம். ஒற்றை பிறேக். அமெரிக்கன். எல்லாத்தையும் இடம் மாற்றி வைத்தவன் பிறேக்கை மட்டும் ஒழுங்காகச் செய்திருப்பானா? சுந்தரராஜன் தலையை ஆட்டினார். "நல்ல வேளை, நான் வாங்கல." எனக்கும் அதே நிம்மதி வந்தது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

மோட்டார்சைக்கிள்ளின் பிழையால் விழுந்தால் விற்பதென்பது பேச்சு. பேர்ணடெற் பேச்சு மாறவில்லை. கையில் மாவுக்கட்டு காய்வதற்கு முன்னமே விற்க ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டாள். ஒஷாவாவில் ஒருவன் வாங்க வருவதாகவும் ஆயிற்று. மோட்டார்சைக்கிள் என்னுடைய கராச்சில் நின்றது. விற்பதற்கு முன்னால் அதைத் துடைத்துக் கொடுக்கவேண்டும் என்று ஒரு பின்னேரம் வந்தாள். அத்துடன் பிறேக்கையும் கழற்றிப் பார்க்கச் சொன்னாள்.

"என்ன பிழையெண்டு தெரியாமல் இன்னொருத்தன்ர தலையில கட்டேலாது அண்ணை. அவனும் விழுவான்."

எனக்கு அது தோன்றவேயில்லை. நான் ஸ்பானரை எடுத்தேன். அவள் ஒரு கையால் ரோச் பிடித்தாள். தட்டை இறுகப் பிடிக்கிற கட்டைகள் இரண்டையும் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்பக்கத்துக் கட்டை வழுவழுவென்றிருந்தது. கடதாசியால் துடைத்தேன். கடதாசி சிவந்தது. தட்டின் உள்பக்கத்தையும் துடைத்தேன், அதுவும் சிவப்பு, மஞ்சளும் கொஞ்சம். எனக்கு விளங்கவில்லை. எந்த எண்ணெய் இந்த நிறத்தில் வரும்?

பேர்ணடெற் கடதாசியை வாங்கி மணந்து பார்த்தாள்.

நல்லெண்ணெய். எனக்கும் அப்போதுதான் மணம் அடித்தது. நல்லெண்ணெயும் சந்தனமும் குங்குமமும்.

கராச்சில் ஒரு வாளி கவிழ்த்துக் கிடந்தது. அவள் அதன்மேல் இருந்தாள். அவர்களுடைய வீட்டில் சாமிப்படம் கிடையாது. மோட்டார்சைக்கிளைக் கோயிலுக்கு யாரும் கொண்டுபோகவில்லை. அந்த வீட்டில் குங்குமம் எங்கே விற்கும், சந்தனம் எப்படிக் குழைப்பது என்று பிறந்தது தொட்டுத் தெரிந்த ஆள் ஒரே ஒருவன்தான். அவன் கடவுள் இல்லையென்று நோட்டீஸ் கொடுத்தவன். ஊரில் புது மோட்டார்சைக்கிள் வாங்கினால் முன் சில்லின் நடுவில் பொட்டு வைப்பது எல்லாரும் செய்வது. அங்கே ஓடியவைகளில் பிறேக் சில்லின் நடுக் குடத்துக்குள்ளே மூடிக் கிடக்கும். ஒரு போத்தல் எண்ணெய் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. இங்கேயோ பிறேக்கே வெளியே நிற்கும் தட்டுத்தான். அதுவும் ஒன்றே ஒன்று. பிடிப்பதற்கு இன்னொன்று இல்லை. வந்த வழியில் மெல்லப் பிடிக்கப் பிடிக்க எண்ணெய் தட்டு முழுக்கப் பரவியிருக்கும், இறக்கத்தில்தான் அது தெரிந்திருக்கிறது.

"இப்ப வீட்டை போய்க் கேப்பம்," என்று எழும்பினேன். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "மனிசனே அவன்? விழுத்திப்போட்டு வாய் மூடிக்கொண்டிருக்கிறான். விக்கத் தேவையில்லை பிள்ளை. வேற ஆளின்ர பிழை. நான் சாட்சி."

"இருங்கோ அண்ணை."

"என்ன இருக்கிறது? மோட்டார்சைக்கிள் போகப்போகுது."

"போனால் போகட்டும்." அவள் அந்தக் கடதாசியை நாலாக மடித்தாள். நாள் முழுக்கத் துணி மடிக்கிற கை, சும்மா இருக்காது. "நான் போய்க் கேட்டால் ஓம் எண்டுவார். மோட்டார்சைக்கிளும் நிக்கும். ஆனா அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நான் அதில ஏறேக்க, பிடிச்சுக் குடுத்தவள் எண்டுதானே அவர் என்னைப் பாப்பார். அப்பிடி ஓட எனக்கு விருப்பமில்லை. அவராச் சொன்னால் சொல்லட்டும். சொல்லாட்டி விக்கிறன்."

"சொல்லமாட்டான். எங்களுக்கு முன்னால மூக்குடைபட அவன் சம்மதிப்பானே?"

"அதுவும் அவற்ர விருப்பம்." எழுந்தாள். "நீங்களும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். பண்ணியதற்காக அந்தக் கிழமை முழுக்க என்னையே திட்டிக்கொண்டு திரிந்தேன். பிறேக்குக்குப் புதுக் கட்டைகள் வாங்கிப் போட்டு, தட்டை நன்றாகத் துடைத்து, ஓடிப் பார்த்தேன். சுண்டுவிரலால் பிடித்தாலே நின்றது. அப்படி ஒரு பிறேக்கை நான் பிடித்ததில்லை. இதையா நாங்கள் கூடாதென்றோம்?

ஒஷாவாக்காரன் ஞாயிறு காலை மல்வேர்னில் அவர்களுடைய வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். கோப்பிக்கடைக் கூட்டம் அன்றைக்கு அங்கேயே வந்துவிட்டது. பிரேதம் எடுக்கும் வீட்டுக்கு வருவதுபோல வந்து வாசலில் நின்றார்கள். மோட்டார்சைக்கிள் மினுங்கிக்கொண்டு நின்றது. பேர்ணடெற் வாசற்படியில் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். குலசிங்கம் புல்வெளியில் அங்குமிங்கும் நடந்தான். அந்தக் கிழமைக்குள் அவன் மெலிந்துபோயிருந்தான். நான் அவனுடன் பேசவில்லை. பேசினால் வாய் தவறிவிடும்.

வந்தவன் நல்ல மனிதன், தாடிக்காரன், மனைவியையும் கூட்டி வந்திருந்தான். மோட்டார்சைக்கிளைச் சுற்றிப் பார்த்தான், குனிந்து பார்த்தான், ஸ்ராற் செய்து கேட்டான், முகம் மலர்ந்தது. நிறுத்தினான். பிறகு எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டான். நல்லாத்தானே இருக்கு, ஏன் விற்கிறீர்கள்? இதில் என்ன பிழை?

கேட்டது குலசிங்கத்திடம். கூட்டத்தில் முன்னால் நின்றவன் அவன்தான்.

குலசிங்கம் முன் சில்லைப் பார்த்தான். சுந்தரராஜன் உதவிக்குப் போனார். "ஃப்ரண்ட் பிரேக்..." என்று இங்கிலீசில் தொடங்கினார்.

"பிறேக்கில ஒரு பிழையுமில்லை," என்றான் குலசிங்கம். தமிழில்தான் சொன்னான், எங்களைப் பார்த்து. குரல் பெரிதாக வரவில்லை. "மோட்டார்சைக்கிள்ளில ஒரு பிழையுமில்லை. அவளிலயும் பிழையில்லை. பொட்டு வைச்சது நான்."

யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் வாசற்படியைப் பார்த்தேன். பேர்ணடெற் அசையவில்லை.

"அண்டைக்குக் காலமை அவள் குளிக்கேக்க போய் வைச்சனான். காய்ஞ்ச சந்தனம் தட்டில ஒட்டேல்லை. நல்லெண்ணையில குழைச்சு வைச்சன். ஒருத்தரும் காணக்கூடாதெண்டு உள்பக்கமா வைச்சன். அது பிறேக் எண்டு யோசிக்கேல்லை. உவ்வளவு பெரிசா, மினுங்கிக்கொண்டு, முன்னுக்கு நிக்குது... பொட்டு வைக்கிற இடமெண்டுதான் எனக்குப் பட்டது." அவன் சுந்தரராஜன் பக்கம் திரும்பினான். "சிரியுங்கோ. உங்களைப் பாத்து நான் ஒரு கோடை முழுக்கச் சிரிச்சனான்."

சுந்தரராஜன் சிரிக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் போய் அவன் தோளில் கையை வைத்தார். "பயம் சார்," என்றார். "எல்லாருக்கும் உண்டு."

"எனக்குப் பயமாயிருந்தது," என்றான் குலசிங்கம். "அவள் போறன் எண்டிட்டாள். மறிக்க ஏலாது. எனக்கு வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

ஒஷாவாக்காரன் என்னிடம் என்ன நடக்கிறது என்று கேட்டான். விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லைத்தான், ஆனாலும் நான் சாட்சி. அவன் வருத்தப்பட்டான், கோபப்படவில்லை. வேறு எங்கேயாவது இப்படி ஒன்று இருந்தால் சொல்லுங்கள் என்று தொலைபேசி இலக்கம் தந்துவிட்டுப் போனான். சுந்தரராஜன் உடனே, முதலில் எனக்குச் சொல்லணும் சார் என்றார். இப்படிப் போட்டி வரும் என்று தெரிந்துதான், இதைப்போல ஒன்று எனக்குக் கிடைக்குமா என்று நான் வெள்ளிக்கிழமையே ஒரு மோட்டார்சைக்கிள் கடைக்கு அடித்து விசாரித்திருந்தேன். அதை அவருக்குச் சொல்லவில்லை.

பேர்ணடெற் படியிலிருந்து எழும்பி வந்தாள். குலசிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இவ்வளவு காலமும் எங்கள் எல்லாருக்கும் பாடம் எடுத்த வாய் அது. இப்போது மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நின்றது. எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அவன் வென்றிருப்பான். மோட்டார்சைக்கிள் போயிருக்கும், மனிசி வானுக்குள் வந்திருப்பாள், அவனுடைய மானமும் தப்பியிருக்கும். எல்லாவற்றையும் அந்தப் புல்லில் போட்டுவிட்டு நின்றான்.

"எத்தினை பொட்டு வைச்சனீங்கள்?" என்று கேட்டாள் பேர்ணடெற்.

"மூண்டு."

"ஏன் மூண்டு?"

"ஒண்டு பிள்ளையாருக்கு. ஒண்டு முருகனுக்கு." அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். "மற்றது உம்மட மாதாவுக்கு. மாதாவுக்கு எப்பிடி வைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று என்னால் சொல்ல முடியாது, இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. நல்ல கையால் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்துக் கிட்ட இழுத்தாள். நாங்கள் அத்தனை பேரும் நிற்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

"இனி வைக்கிறதெண்டால் என்ர நெத்தியில வையுங்கோ," என்றாள். "அதில பிறேக் இல்லை."